கம்பெனில விஷயம் தெரிஞ்சு போச்சு, எழுதி குடுத்துட்டு போன்னு சொல்றாங்க

பனியன்காரன்:
திருப்பூர்ல ஒரு கம்பெனில பேக்கிங் பாக்கறேனுங்க. எனக்கு எச்ஐவி இருக்கு, 6 வருசமா ஏஆர்டி மாத்திரை (எச்ஐவி கிருமிய அடக்கி வெக்கறது), வைரல் லோடு டெஸ்ட்ல கிருமி தெரியவே இல்லைங்கற அளவுக்கு கம்மி. மாத்திரை வாங்கப் போற நாள் தவிர லீவு போட்டதில்ல, அதுக்கும் தெரிஞ்சவங்க பாத்துருவாங்கன்னு பஸ் ஏறி அடுத்த மாவட்டம் போறேன், டப்பா லேபிள கிழிச்சுட்டு உள்ள பஞ்சு வெச்சுக்குவேன் குலுங்கற சத்தம் கேக்கக்கூடாதுன்னு. போன வாரம் பைல இருந்த ஆஸ்பத்திரி நோட்ட ஒருத்தன் பாத்துட்டான். மறுநாள் டீ எனக்கு மட்டும் பேப்பர் கப்புல வருது. மேனேஜர் கூப்ட்டு “வெளிய தெரிஞ்சா உனக்குத்தான் அசிங்கம், நீயே எழுதி குடுத்துட்டு கெளம்பு”ங்கறாரு. என்னங்க பண்றது?

சேலத்துக்காரர்:
தம்பி எதுலயும் கையெழுத்து போட்றாதீங்க. 2017ல வந்த எச்ஐவி எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10லருந்து அமல்ல இருக்கு, எச்ஐவி இருக்குங்கற ஒரே காரணத்துக்காக வேலைய விட்டு தூக்க முடியாது. அதான் உங்களையே எழுதி குடுக்க சொல்றாங்க, புரியுதா? 100 பேர் மேல இருக்கற கம்பெனின்னா இதுக்கு ஒரு புகார் அதிகாரி வெச்சிருக்கணும். 1097ங்கற எச்ஐவி ஹெல்ப்லைனுக்கு அடிங்க, காசு கிடையாது.

குமரன்ரோடு:
சட்டமெல்லாம் சரிண்ணா, கேஸுன்னு போனா ஊருக்கே தெரியுமே. அப்பறம் தப்பா நெனைக்காதீங்க, ஒரே டம்ளர்ல குடிக்கறவங்களுக்கும் பயம் இருக்கும்ல?

ரிட்டயர்டு நர்ஸ்:
டம்ளர்ல வராதுப்பா. தட்டுல, பாத்ரூம்ல, கொசு கடிச்சு, எதுலயும் வராது. 86ல சென்னைலதான் நாட்டுலயே முதல்ல எச்ஐவிய கண்டுபிடிச்சாங்க, அப்ப பயந்தாங்கன்னா சரி, மருந்து இல்ல. 2004லருந்து மாத்திரை ஃப்ரீயா குடுத்துட்டு இருக்காங்க, இன்னும் டம்ளர் கதையா? ஆனா சும்மா சொல்லக்கூடாது, எங்க வார்டுலயே கேஸ் ஷீட்டுல சிவப்பு மையில பெருசா எழுதி வெப்பாங்க, துணி மாத்த வர்ற அம்மாவுக்கு கூட தெரிஞ்சுடும், நாங்களே அப்படித்தான் இருந்தோம். கேஸ் போட்டா பேர மறைச்சு நடத்தச் சொல்லி கேக்கலாம், அதுவும் அதே சட்டத்துல இருக்கு.

பனியன்காரன்:
ரொம்ப நன்றிங்க. காலைல மேனேஜர்கிட்ட “காரணத்த எழுதி குடுங்க சார், போறேன்”னேன். ஒண்ணும் பேசல, “போய் வேலைய பாரு”ன்னுட்டாரு. ஏஆர்டி சென்டர் கவுன்சிலர் திங்கக்கெழம வரச் சொல்லிருக்காங்க. அம்மாவுக்கு இன்னும் தெரியாதுங்க, சுகர் மாத்திரைன்னு நெனச்சு எனக்கு டீல சக்கரையே போடறதில்ல.