10 நாளில் ஹால் சென்ட்ரிங் பிரிக்கலாமா?

மன்னார்குடி வீடு:
தரைத்தள வீடு. மேல்தளம் போட்டு இன்றோடு 10 நாள். 5 அங்குல கனம், எம்20 காங்கிரீட், பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்ட். காங்கிரீட்டைத் தாங்கி நிற்கும் தகடும் முட்டும் (சென்ட்ரிங்) அடுத்த சைட்டுக்கு வேண்டும், நாளைக் காலை எல்லாவற்றையும் பிரிக்கிறேன் என்கிறார் சென்ட்ரிங்காரர். மேஸ்திரியும் "10 நாள் தாராளம் சார்" என்கிறார். ஹால் 16க்கு 20. அந்த 20 அடிப் பக்கம் சுவர் கிடையாது, பீம்தான். இரண்டு படுக்கையறை 11க்கு 12, நாலு பக்கமும் சுவர். முன்னால் தூண் இல்லாமல் 4 அடி பால்கனி. பிரிக்க விடலாமா?

பழைய சூப்பர்வைசர்:
ஹாலைத் தொட விடாதீர்கள். வீடு முழுக்க ஒரே நாள் கணக்கு கிடையாது, இடைவெளியைப் பொறுத்து மாறும். ஐ.எஸ். 456 (காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி) படி தளத்து முட்டு 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14, தாண்டினால் 21. உங்கள் ஹாலின் குறுகிய பக்கம் 4.88 மீட்டர், பீம் 6.1. இரண்டுமே கொஞ்சத்தில் எல்லையைத் தாண்டிவிட்டன. அதுவும் இது ஓபிசிக்கு, அதாவது சாம்பல் கலக்காத சாதா சிமென்டுக்குச் சொன்ன கணக்கு. பிபிசி மெதுவாகத்தான் வலுவேறும், நானாக இருந்தால் ஹாலுக்கு இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்வேன். ஹால் தளம் மட்டும் 9 டன்னுக்கு மேல் வரும். நீராற்றப் பாத்தி கட்டி 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தினால் இன்னொரு ஒன்றரை டன்.

"பிரித்துவிட்டு நடுவில் நாலு முட்டு கொடுத்துடலாம்" என்பார்கள். ஏமாறாதீர்கள். பிரித்த நொடியே தளம் தன் எடையைத் தானே சுமக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் கொடுக்கிற முட்டு சும்மாதான் நிற்கும். ஆப்பை ஓங்கி அடித்து இறுக்கினால் இன்னும் மோசம், தளத்தைக் கீழிருந்து தூக்கும். நடுவில் மேல்பக்கம் கம்பி இருக்காது, விரிசல் அங்கேதான் விழும்.

முட்டின் காலடியையும் பாருங்கள். வேதாரண்யம் பக்கம் ஒரு சைட்டில் பேஸ்மென்டுக்குள் நிரப்பிய மண்மேல் சவுக்குக் கட்டைகளை அப்படியே நிறுத்திவிட்டார்கள். அடிப்பலகை வைக்கச் சொல்ல மறந்தது நான்தான். காங்கிரீட் போட்ட அன்று ராத்திரி மழை. காலையில் நூல் பிடித்தால் நடுவில் ஒன்றேகால் அங்குலம் தொய்வு! பூச்சில் மறைத்தோம். அந்த வீட்டு விசேஷத்துக்குப் போனால் இன்றும் அண்ணாந்து பார்க்க மாட்டேன்.

தகடுக்காரன்:
நான் சென்ட்ரிங் தொழில்தான் சார். அண்ணன் சொல்வது சரி, ஆனால் எங்கள் பக்கமும் பாருங்கள். எல்லாரும் சதுர அடிக்கு ரேட் பேசுவார்கள், எத்தனை நாள் நிற்கும் என்று ஒருத்தரும் பேச மாட்டார்கள். மூன்று வாரம் தகடு உங்கள் வீட்டில் நின்றால் எனக்கு அடுத்த வேலை போச்சு. 11 அடி அறை இரண்டையும் இப்போதே விடுங்கள், அது அவருக்குப் போதும். ஹாலுக்குக் கூடுதல் நாள் வாடகை பேசிக் கொடுங்கள். பால்கனியைக் கடைசியாக, நுனியிலிருந்து சுவரை நோக்கிப் பிரிக்கச் சொல்லுங்கள். பீமுக்கு நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் போகணும்.

மன்னார்குடி வீடு:
பேசிவிட்டேன். முதலில் முறைத்தார், வாடகை என்றதும் சரி என்றார். நாளை அறைகள் மட்டும்தான். இப்போது ஹாலில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு முட்டுக்கு அடியில் உடைந்த செங்கல், ஒன்று ஆணி அடித்து ஒட்டுப்போட்ட கட்டை. மாற்றிவிடட்டுமா?

பழைய சூப்பர்வைசர்:
முதலில் பக்கத்திலேயே பலகை போட்டு நல்ல முட்டு ஒன்று நிறுத்துங்கள். ஆப்பு கைக்கு இறுகினால் போதும். பழையதை உருவாதீர்கள், அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.