கோவையிலிருந்து புனேவுக்குக் காரில் குடிபெயர்கிறோம். மகள் குழந்தை இருக்கையில் உட்கார மறுக்கிறாள். வழி சொல்லுங்கள்

கோவைத் தாய்:
கணவருக்குப் புனேவுக்கு மாற்றல். சாமான்கள் லாரியில் போகின்றன, நாங்கள் மூவரும் காரில். ஏறத்தாழ 1,200 கி.மீ. மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம், எடை பத்து கிலோ. குழந்தை இருக்கையைப் பின்சீட்டின் இடப்பக்கம், முன்நோக்கி மாட்டியிருக்கிறோம். ஏறும்போது சிரித்துக்கொண்டே ஏறுகிறாள். அவிநாசியைத் தாண்டுவதற்குள் முதுகை வில்லாக வளைத்து அலறத் தொடங்கிவிடுகிறாள், இரண்டு முறை பாலையும் கக்கிவிட்டாள். மடியில் வைத்துக்கொண்டால் உடனே தூங்கிவிடுகிறாள். "மடியிலேயே வைத்துக்கொள், இரவில் கிளம்பினால் விடிவதற்குள் பாதித் தூரம் போய்விடலாம்" என்கிறார்கள் வீட்டில். இதற்கு மனம் ஒப்பவில்லை. தூக்க மருந்து கொடுக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். என்ன செய்வது?

நாமக்கல் பெரியவர்:
அம்மா, இரவுப் பயணம் வேண்டாம். நாற்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவன் சொல்கிறேன். விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்துக்குள் கண் திறந்திருக்கும், மூளை தூங்கிவிடும். உங்கள் வீட்டுக்காரர் ஒருவர்தான் ஓட்டுகிறார், மாற்று ஆள் கிடையாது. வெளிச்சத்தில் ஓட்டி, வெளிச்சத்திலேயே அறைக்குப் போய்விடுங்கள்.

நான்கு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஓசூர். தொப்பூர் கணவாயை நினைத்துப் பயப்பட வேண்டாம். விபத்துக்குப் பேர்போன இறக்கம் சேலம் நோக்கி வருகிறவர்களுக்குத்தான், உங்களுக்கு ஏற்றம். மறுநாள் பொழுது விடிந்ததும் கிளம்பி, எலக்ட்ரானிக் சிட்டி அருகே நைஸ் சாலையில் ஏறினால் பெங்களூரு நகருக்குள் நுழையாமலே தும்கூர் சாலையைப் பிடித்துவிடலாம். அன்று இரவு தாவணகெரே. மூன்றாம் நாள் ஹூப்ளி, பெல்காம் வழியாகக் கோலாப்பூர். நான்காம் நாள் சதாரா தாண்டி, கம்பட்கி மலையில் சுரங்கப்பாதை வழியாகப் போய்ப் புனே. கோலாப்பூருக்கும் சதாராவுக்கும் இடையே சாலை அகலப்படுத்தும் வேலையால் ஆங்காங்கே மாற்றுப்பாதையில் திருப்பிவிடுவார்கள். அங்கே அவசரப்படாதீர்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

வழிப்போக்கன்:
நாமெல்லாம் அம்மா மடியில் உட்கார்ந்துதானே வளர்ந்தோம்? இவ்வளவு கவலை தேவையா?

குழந்தைகள் பிரிவு செவிலியர்:
தேவைதான், ஐயா. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சட்டென்று மோதி நின்றால், குழந்தை அதே வேகத்தில் முன்னால் பாயும். எவ்வளவு வலுவான கைகளாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. மடியில் இருக்கும் பிள்ளை, தாய்க்கும் முன்சீட்டுக்கும் இடையே நசுங்கும். சட்டமும் இதைத்தான் சொல்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 14 வயதுக்குட்பட்டவர்கள் சீட் பெல்ட்டிலோ குழந்தை இருக்கையிலோதான் பயணிக்க வேண்டும். மீறினால் ரூ.1,000 அபராதம்.

சகோதரி, தூக்க மருந்தைக் கையால் தொடாதீர்கள். வாந்திக்கும் சளிக்கும் கொடுக்கும் ப்ரோமெத்தசின் போன்றவை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சையே அடக்கிவிடக்கூடும். இனி சில கேள்விகள். தூங்கும்போது தலை முன்னால் தொங்குகிறதா? பால் கொடுத்து எவ்வளவு நேரத்தில் கிளம்புகிறீர்கள்? அழுகிற நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது?

கோவைத் தாய்:
ஆமாம், கண் செருகியதும் தலை மார்பில் விழுகிறது. திடுக்கிட்டு விழிக்கிறாள், உடனே அலறல். பால் குடித்த கையோடு கிளம்புகிறோம். வெயிலைப் பற்றி இதுவரை யோசிக்கவில்லை. நேற்று வெயிலில் நின்ற வண்டியில் பெல்ட் கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

குழந்தைகள் பிரிவு செவிலியர்:
முக்கால்வாசிப் பதில் இதிலேயே இருக்கிறது. உங்கள் இருக்கையைப் பின்நோக்கியும், அதாவது குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படியும், மாட்டலாமா என்று பக்கவாட்டு ஒட்டுத்தாளில் பாருங்கள். பத்து கிலோவுக்குப் பெரும்பாலானவை இடம்கொடுக்கும். பின்நோக்கி மாட்டினால் சாய்மானம் கூடும், தலை தொங்காது, மோதலில் கழுத்துக்கும் பாதுகாப்பு. கால் மடங்குகிறதே என்று வருந்த வேண்டாம், குழந்தை சம்மணமிட்டுக்கொள்ளும். பின்நோக்கும்போது தோள்பட்டை வார் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி மடிப்பாகக் கையில் வந்தால் தளர்வு என்று பொருள். காற்றுப்பை (ஏர்பேக்) உள்ள முன்சீட்டில் மட்டும் பின்நோக்கி மாட்டவே கூடாது.

வடக்கு நோக்கிப் போகிறீர்கள், பிற்பகல் வெயில் முழுவதும் இடப்பக்கம் விழும். அந்தக் கண்ணாடிக்கு வலைத்திரை போடுங்கள். நிறுத்தும்போது கொக்கியின்மேல் துண்டு போட்டு மூடுங்கள். பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது கழித்துக் கிளம்புங்கள். வழியில் இட்லி, பொரி, வாழைப்பழம் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி ஓடவிடுங்கள். அழுதால் வண்டியை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள், ஓடும் வண்டியில் வாரை அவிழ்க்காதீர்கள்.

கோவைத் தாய்:
பின்நோக்கி மாட்டி இன்று காலை போய்ப் பார்த்தோம். அவிநாசி வந்ததும் கொஞ்சம் சிணுங்கினாள், பிறகு பெருந்துறை வரை தூக்கம்! தலை நகரவே இல்லை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இன்னொரு சிக்கல்: இரவில் தூளியில்தான் தூங்குவாள். விடுதி அறையில் தூளி கட்டக் கொக்கி இருக்காதே?

புனேக்காரி:
எங்கள் மகனும் தூளிப் பிள்ளைதான். இன்றிலிருந்தே பகல் தூக்கத்துக்கு மட்டும் பாயில் போட்டுப் பழக்குங்கள், இரவுக்கு நாலைந்து நாள் கழித்து மாற்றலாம். தூளிப் புடவையைத் துவைக்காமல் அப்படியே பாயில் விரியுங்கள். அதில் இருக்கும் வாசனைதான் அவளுக்குத் தூளி. அந்தப் புடவையைத் தப்பித்தவறியும் லாரியில் ஏற்றிவிடாதீர்கள்!

லாரி உங்களுக்குப் பின்னால் வந்துசேரலாம் என்று வைத்தே திட்டமிடுங்கள். மின்கெட்டில், குக்கர், ஒரு சின்ன மின் அடுப்பு, அரிசி, பருப்பு, பாய், இரண்டு நாள் துணி எல்லாம் காரிலேயே இருக்கட்டும். எரிவாயு சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. கோவையிலேயே ஒப்படைத்து இணைப்பு மாற்றத்துக்கான சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள், பால் காய்ச்ச மின் அடுப்பு போதும். தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் போட்டாகிவிட்டதா? இல்லையென்றால், கிளம்புவதற்கு எத்தனை நாள் முன்பு போட வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டுப் போட்டுவிடுங்கள். ஊசிக் காய்ச்சலோடு காரில் உட்காரவைக்க வேண்டாம்.

கோவைத் தாய்:
இன்னும் போடவில்லை. நாளைக் காலையே அழைத்துப் போகிறேன்.