யூரியா மூட்டை 45 கிலோவானதால் நைட்ரேட் மாசு குறைந்ததா?

காவிரிக்கரையான்:
நேற்று மண்வளன் எழுதியதைப் படித்தபின் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. "2018 மார்ச்சில் யூரியா மூட்டையை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைத்ததுதான் உர மாசைத் தடுக்க இந்திய அரசு எடுத்த மிகப் பயனுள்ள நடவடிக்கை, உழவர் கிலோ பார்ப்பதில்லை, மூட்டையை எண்ணுகிறார்" என்கிறார் அவர். குறுவையும் சம்பாவும் மாறிமாறி நட்டுப் பயிர் வளர்க்கும் எங்களுக்கு எண்ணத் தெரியும், எடை தெரியாது என்பதுதானே இதன் பொருள்? பையைச் சிறிதாக்கினால் கிணற்று நீர் சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர் ஒருமுறையாவது வரப்பில் நின்று மேலுரம் இட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

மண்வளன்:
நான் உழவர்களை இழிவுபடுத்தவில்லை, நடைமுறையைச் சொன்னேன். டெல்டா குறுவை நெல்லுக்கு எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு 60 கிலோ; யூரியாவில் பாதிக்கும் சற்றுக் குறைவே தழைச்சத்து என்பதால், யூரியாவாக ஏறத்தாழ 130 கிலோ. பழைய மூட்டையில் மூன்று வாங்கினால் 150 கிலோ வயலுக்குப் போகும். புதிய மூட்டையில் மூன்று வாங்கினால் 135 கிலோதான் போகும். மிச்சமான 15 கிலோ அம்மோனியாவாகக் காற்றிலோ நைட்ரேட்டாக நிலத்தடியிலோ சேரவில்லை. இவ்வளவு எளிய கணக்கை மறுக்கக் கோபம் மட்டும் போதாது.

காவிரிக்கரையான்:
கணக்கைக் கொண்டுவந்தவர் அதைப் பாதியில் நிறுத்தியது ஏன்? அடியுரமாக ஒரு மூட்டை டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்) இட்டால் அதிலேயே 9 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. மீதி 51 கிலோவுக்கு 111 கிலோ யூரியா போதும். உங்கள் "அளவான" மூன்று மூட்டையில் 135 கிலோ இருக்கிறது. அதோடு, இலை வெளுத்தால் எங்கள் பக்கத்தில் நான்காவது மூட்டையைப் பிரிப்பார்கள். அப்போது 180 கிலோ ஆகிறது, பழைய மூன்று மூட்டையைவிட 30 கிலோ கூடுதல்.

நாடு முழுவதற்கும் பாருங்கள். 2017-18இல் யூரியா விற்பனை ஏறத்தாழ 3 கோடி டன்; 50 கிலோ மூட்டையில் அது 60 கோடி மூட்டை. 2022-23இல் 3 கோடியே 57 லட்சம் டன். 45 கிலோ மூட்டையில் 79 கோடி மூட்டை. உழவர் மூட்டையைத்தான் எண்ணுகிறார் என்றால் 60 கோடி 60 கோடியாகவே அல்லவா நின்றிருக்க வேண்டும்? இதற்கு நேரான பதில் வேண்டும்.

நீர்மட்டம்:
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். எதை மாசு என்கிறீர்கள் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள். விற்ற யூரியாவின் அளவு வேறு, பயிர் எடுத்தது போக மண்ணில் எஞ்சிய தழைச்சத்து வேறு, கிணற்று நீரில் உள்ள நைட்ரேட் வேறு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாதிரி, லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைக் கடந்திருந்தது. ராஜஸ்தான், கர்நாடகத்துக்கு அடுத்து அதிகம் பாதிக்கப்பட்டது தமிழ்நாடுதான். டென்மார்க்கில் ஒவ்வொரு பண்ணைக்கும் தழைச்சத்து வரம்பு விதித்து, உழவர் ஆண்டுதோறும் உரக் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் வைத்த பிறகே நீருக்குள் கசிவது பெருமளவு குறைந்தது. மூட்டையின் எடையோடு இதை ஒப்பிட முடியுமா என்று யோசியுங்கள்.

மண்வளன்:
டென்மார்க்கைப் பிறகு பார்க்கலாம். 79 கோடி என்ற எண்ணைக் காட்டி மிரட்டுகிறவருக்குப் பதில் சொல்கிறேன். 2010இல் மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்துக்கும் (பொட்டாஷ்) சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதில் சேர்க்காமல் அரசின் கட்டுப்பாட்டு விலையிலேயே விட்டார்கள். டிஏபி மூட்டை 1,350 ரூபாய்க்குப் போனபோதும் யூரியா மூட்டை 270 ரூபாயைத் தாண்டவில்லை. விலை இப்படிக் கோணலாக இருந்தால் விற்பனை ஏறத்தான் செய்யும். மூட்டை 50 கிலோவாகவே நீடித்திருந்தால் இன்னும் அதிகமாக ஏறியிருக்கும் என்பதே என் வாதம். 2015இல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியபோதும் இதே காவிரிக்கரையான் இப்படித்தான் எதிர்த்தார் என்பதைப் பழைய இழைகளைப் படித்தவர்கள் அறிவார்கள்.

கொங்குத்தோட்டம்:
நைட்ரேட் என்றதும் உழவனைக் கூண்டில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. மலக்குழிகளும் கழிவுநீர் ஓடையும் கிணறுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கோழிப்பண்ணை எருவும் மழையில் கரைகிறது. அவற்றையெல்லாம் அளக்காமல் யூரியா மூட்டையை மட்டும் அளக்கிறீர்கள். கடையில் யூரியா கேட்டால் இலையில் தெளிக்கும் திரவமான நானோ யூரியா புட்டி ஒன்றையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள்; இதையும் சுற்றுச்சூழல் கொள்கை என்று மண்வளன் வாதாடுவாரா?

மண்வளன்:
கட்டாயப்படுத்தி விற்பதை நான் ஒருநாளும் ஆதரித்ததில்லை. ஆனால் சாக்கடையைக் காரணம் காட்டி வயலை விடுவிக்கும் தந்திரம் எனக்குப் புதிதல்ல.

காவிரிக்கரையான்:
வேப்பெண்ணெய்ப் பூச்சை நான் எதிர்க்கவில்லை. மண்ணில் அம்மோனியமானது நைட்ரேட்டாக மாறுவதை அது மெதுவாக்கும், ஒட்டுப்பலகை ஆலைகளுக்கு யூரியா கடத்தப்படுவதையும் ஓரளவு தடுக்கும் என்று அப்போதே எழுதினேன். பூச்சால் யூரியா தேவை பத்தில் ஒரு பங்கு குறையும் என்று நீங்கள் எழுதியதைத்தான் எதிர்த்தேன். விற்பனை குறைந்ததா? அரை லிட்டர் நானோ யூரியா ஒரு மூட்டைக்குச் சமம் என்றும் எழுதினீர்கள். அப்போதைய 4 சதவீதத் தழைச்சத்தில் அந்தப் புட்டிக்குள் இருந்தது 20 கிராம். 45 கிலோ மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கும் மேல். அதற்கும் இன்றுவரை பதில் இல்லை. இப்போது "இன்னும் ஏறியிருக்கும்" என்கிறீர்கள். நடக்காத ஒன்றைச் சான்றாகக் காட்ட யாராலும் முடியும். 60 கோடி மூட்டை 79 கோடி ஆனது நடந்தது.

வலிகாமத்தான்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் பசளை தடையின்றிக் கிணற்றுக்குள் இறங்குகிறது. நைட்ரேட் பிரச்சினை எங்களுக்குத் தலைமுறைக் கவலை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடைசெய்தது. விளைச்சல் சரிந்து, நவம்பரில் தடையை விலக்க நேர்ந்தது. அந்தப் பட்டறிவுக்குப் பிறகு பசளைக் கட்டுப்பாடு என்று வாயெடுத்தாலே கமக்காரர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். படிப்படியாகக் குறைக்கும் வழியைப் பற்றிப் பேசுங்கள் என்று இரு தரப்பையும் கேட்டுக்கொள்கிறேன்.

மண்வளன்:
நன்றி ஐயா. நான் சொல்வதும் அதையே. 5 கிலோ குறைத்தது படிப்படியான குறைப்புதான். யாருடைய விளைச்சலும் அதனால் சரியவில்லை.

காவிரிக்கரையான்:
விளைச்சல் சரியாததற்குக் காரணம் யூரியா குறையவில்லை என்பதே. குறையாத ஒன்றைக் குறைப்பு என்று பெயரிட்டு இலங்கை அன்பரின் துயரத்தில் பங்கு கேட்காதீர்கள். 2023இல் வந்த பிஎம்-பிரணாம் திட்டத்திலும் உரத்தைக் குறைத்தால் மிச்சமாகும் மானியத்தில் பாதி மாநில அரசுக்குத்தான் போகிறது. வரப்பில் நிற்கிறவனுக்கு நேராக ஒரு ரூபாயும் வருவதில்லை. யூரியாவைக் குறைத்து இடுகிறவனுக்கு அந்த மானியத்தை வங்கிக் கணக்கில் செலுத்துங்கள், இலையின் பசுமையை ஒப்பிட்டு உரத்தேவையை அறியும் இலை வண்ண அட்டையை ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்திலும் கொடுங்கள், பிறகு பாருங்கள் என்று எத்தனையோ முறை எழுதியாயிற்று. அதைத் தொடாமல் மூட்டைக்கே திரும்புகிறீர்கள்.

மண்வளன்:
மூட்டையைத் தலைப்பில் வைத்து இழையைத் தொடங்கியவர் நீங்கள். ஏக்கருக்கு 15 கிலோ மிச்சம் என்ற என் கணக்கை இதுவரை ஒருவரும் பொய்யாக்கவில்லை.

கொங்குத்தோட்டம்:
மலக்குழிகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரையான்:
டிஏபி இட்டவருக்கு 111 கிலோ போதும் என்று மேலே காட்டியிருக்கிறேன். 60 கோடி எப்படி 79 கோடி ஆனது, மண்வளன்?