வெள்ளை நிறத்தில் மட்டும் சிமிட்டும் விசிறி விளக்குகள்

வணக்கம். பாகங்களை வாங்கி மூன்று வாரங்களுக்கு முன் கோவையில் நானே கூட்டிய கணினியில் நான்கு 120 மி.மீ. ஏஆர்ஜிபி (ஒவ்வொரு எல்இடியின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய) விசிறிகள் உள்ளன. நான்கும் ஒழுங்காகச் சுழல்கின்றன. ஆனால் அவற்றின் விளக்கு ஒயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மதர்போர்டின் (பி550 சிப்செட்) 5 வோல்ட் மூன்று பின் (ஊசி) இணைப்பில் செருகி வெள்ளை நிறம் வைத்தால், மூன்றாவது விசிறி மங்கிச் சிமிட்டுகிறது. நான்காவது, பழைய தெருவிளக்கைப் போலச் செம்மஞ்சளாக நிற்கிறது. சிவப்பு மட்டும் வைத்தால் நான்கும் நன்றாகவே ஒளிர்கின்றன.

விசிறிகளின் வரிசையை மாற்றினேன். எதை வைத்தாலும் கோளாறு மூன்றாம், நான்காம் இடங்களில்தான். தனித்தனியே செருகினால் ஒவ்வொன்றும் சரியாக எரிகிறது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தும், மென்பொருளில் எல்இடி எண்ணிக்கையை 72 எனத் திருத்தியும் பயனில்லை. அருகிலுள்ள 12 வோல்ட் நான்கு பின் இணைப்பை, எல்இடிகள் கருகிவிடும் என்பதால், தொடவேயில்லை.

கையேட்டின்படி இந்த இணைப்பின் வரம்பு 3 ஆம்பியர். முழு வெண்மையில் ஓர் எல்இடிக்குச் சுமார் 60 மில்லிஆம்பியர் என்று கொண்டால், விசிறிக்கு 18 வீதம் 72 எல்இடிகளுக்கு 4.3 ஆம்பியர் ஆகிறது. அதனால் மின்சாரப் பற்றாக்குறை என்றே ஐயப்படுகிறேன்.

பவர் சப்ளையின் சாட்டா ஒயரிலிருந்து தனியாக மின்சாரம் எடுக்கும் ஏஆர்ஜிபி ஹப் (பல விசிறிகளைச் செருகும் இணைப்புப் பெட்டி) ஒன்றை இடையில் வைத்தால் இக்கோளாறு தீருமா?