மர அறுவை மில்லில் பாதுகாப்பு முறையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி – மில் மேற்பார்வையாளர், பெங்களூரு

வணக்கம். மைசூரு சாலையை ஒட்டிய மர அறுவை மில் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். பணியிடப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 45001 என்ற சர்வதேசத் தரத்தின்படி ஆலோசகர் ஒருவர் தயாரித்துக் கொடுத்த கோப்பு அலுவலக அலமாரியில் இருக்கிறது. ஆனாலும் சென்ற மாதம் வட்ட ரம்பத்தில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அறுத்துக்கொண்டிருந்த தம்பி ஒருவருக்குக் கட்டைவிரல் நுனி போய்விட்டது. பிளேடை மூடியிருக்க வேண்டிய கார்டு அப்போது சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் கனமாகப் படிந்திருந்த மரத்தூளைப் பார்த்தபோதுதான், அது பல மாதங்களாக அங்கேயே தொங்குகிறது என்பதும், நானும் தினமும் அதைக் கடந்து போயிருக்கிறேன் என்பதும் உறைத்தது. எங்களைப் போன்ற சிறிய மில்லில் இந்த முறையை உண்மையாக நடைமுறைப்படுத்த என்ன செய்ய வேண்டும்?

பதில் – ரம்ப மேஸ்திரி

ஐயா, கார்டைக் கழற்றியவரைத் திட்டுவதற்கு முன், ஏன் கழற்றினார் என்று கேளுங்கள். மெல்லிய ரீப்பர் அறுக்கும்போது கார்டு கையை மறிக்கும், கோடு தெரியாது. கூலியோ அறுத்த அளவுக்குத்தான் என்றால், யாராக இருந்தாலும் கழற்றத்தான் செய்வார்கள். ஏற்றி இறக்கக்கூடிய கார்டு போட்டுக் கொடுங்கள். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிரிப்புத் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் அறுபட்ட பிளவு மூடிக்கொண்டு, பின்பக்கத்தில் மேலெழும் பற்களைக் கவ்வ, கட்டை ஆளை நோக்கிப் பாய்ந்து வரும். தகட்டுக்கும் பல்லுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கடைசி ஓரடி மரத்தைக் கையால் தள்ளவே வேண்டாம். அதற்கென்று ஒரு தள்ளுகட்டை ரம்ப மேசையிலேயே இருக்கட்டும். கையுறை போட்டுக்கொண்டு ரம்பத்தில் நிற்க யாரையும் விடாதீர்கள், துணி பல்லில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

பதில் – தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர், பீனியா

மேஸ்திரி சொன்னதுதான் அந்தக் கோப்பின் சாரம். 2018இல் வெளியான அந்தத் தரம், ஆபத்தை முதலில் அகற்றப் பார், முடியாவிட்டால் இயந்திரத்திலேயே தடுப்பு அமை, ஆள் அணியும் கவசங்களைக் கடைசியாக நம்பு என்று வரிசைப்படுத்துவதுடன், முடிவெடுப்பதில் தொழிலாளர்களும் பங்கேற்க வேண்டும் என்கிறது. உங்கள் கோப்பு எந்த மொழியில் இருக்கிறது? உங்களிடம் அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருந்து, அவர்களால் அதைப் படிக்க முடியாதென்றால், வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ரம்பத்தருகே நின்று, நேற்று யாருக்காவது கை நூலிழையில் தப்பியதா என்று கேட்டு எழுதிவைப்பதே மேல். சொன்னவர்மேல் ஒருமுறை கோபித்துக்கொண்டாலும் அதன்பிறகு ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

பிளேடு மாற்றும்போது மெயின் சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியை மாற்றுபவரே சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். மரத்தூளையும் சாதாரணமாக நினைக்காதீர்கள்: உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 1995லேயே வகைப்படுத்தியிருக்கிறது. காற்றடித்துத் தூளைப் பறக்கவிடுவதை நிறுத்தி, ரம்பத்தின் வாயிலேயே உறிஞ்சும் குழாய் பொருத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை ரம்பத்தருகே நின்று கேட்டேன். பிரிப்புத் தகடு எங்கள் இயந்திரத்தில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. விரல் இழந்த தம்பியே, இதற்கு முன் இரண்டு முறை கட்டை திரும்பி வந்ததாகவும், அதை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை என்றும் சொன்னார். தகடு பொருத்தும்வரை வட்ட ரம்பத்தை நிறுத்தி வைக்க முதலாளியிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டேன். உறிஞ்சும் குழாய்க்கான செலவை அடுத்து அவரிடம் எழுதிக் கொடுக்கப்போகிறேன்.