கண்மாய் நோட்டுகளை இணையத்தில் ஏற்ற: இலவச வலைப்பூவா, சொந்தத் தளமா, முகநூலா?

மேலூர் ஓய்வாசிரியர்:

வணக்கம். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1988 முதல் எங்கள் சுற்றுவட்டாரக் கண்மாய்களைப் பற்றிக் கேட்டதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். எந்த மடை எந்த வயலுக்குப் பாயும், அந்த மடைக்கு ஏன் அந்தப் பெயர், எந்தக் கண்மாய் மறுகால் பாய்ந்தால் அடுத்து எது நிரம்பும், நீர்க்கட்டிகள் தண்ணீர் முறையை எப்படிப் பிரித்தார்கள் என்று மொத்தம் பதினான்கு நோட்டுகள். சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. இரண்டு நோட்டைக் கரையான் அரித்துவிட்டது.

மீதியை இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். சொந்தத் தளம் வாங்குங்கள் என்கிறான் மகன். முகநூலே போதும் என்கிறாள் பேத்தி. பிளாக்ஸ்பாட்டில் காசில்லாமல் தொடங்கலாம் என்கிறார் நண்பர். என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி மட்டும். எதில் தொடங்குவது?

திருமங்கலம் தமிழாசிரியை:

உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி, ஐயா. இன்றைக்கே தொடங்கிவிடலாம். பிளாக்ஸ்பாட் வலைப்பூக்களை நடத்துவது பிளாகர் என்ற சேவை. பிளாகர் 1999-இல் வந்தது, 2003-இல் கூகுள் அதை வாங்கியது. கைப்பேசியில் ஜிமெயில் வைத்திருக்கிறீர்கள் என்றால் புதிதாகக் கணக்குத் தேவையில்லை. உள்ளே நுழைந்ததும் தலைப்பு, முகவரி, உங்கள் பெயர் ஆகிய மூன்றையும் கேட்கும். தலைப்பைத் தமிழில் வையுங்கள், பிடிக்காவிட்டால் நாளைக்கே மாற்றலாம். முகவரியை மட்டும் ஆற அமர யோசித்து வையுங்கள். அது ஆங்கில எழுத்தில்தான் அமையும், பின்னால் மாற்றினால் நீங்கள் ஊருக்கெல்லாம் கொடுத்த பழைய இணைப்புகள் அறுந்துவிடும்.

அமைப்புகளில் மொழியைத் தமிழாக்குங்கள். நேர மண்டலத்தையும் பாருங்கள். அது அமெரிக்க நேரத்தில் இருந்தால் காலையில் வெளியிடும் பதிவுக்கு முந்தைய நாள் தேதி விழும்.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் பின்னால் வருந்துவது. தமிழில் தலைப்பிட்டால், பதிவின் முகவரியில் பிளாகர் அந்தத் தமிழை எடுத்துக்கொள்ளாது. 'பிளாக் போஸ்ட்' என்று ஒரு பொதுப் பெயரையும் ஓர் எண்ணையும் தானே ஒட்டிவிடும். நூறு பதிவு சேர்ந்தபின் எது எந்தக் கண்மாய் என்று முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெளியிடுவதற்கு முன் 'நிரந்தர இணைப்பு' என்ற இடத்தைத் திறந்து, கண்மாயின் பெயரை ஆங்கில எழுத்தில், சொற்களுக்கிடையே கோடு போட்டு எழுதிவிடுங்கள். வெளியான பிறகு மாற்ற வேண்டுமென்றால் பதிவை மறுபடி வரைவாக்கித்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

கே.கே. நகர் நிரலாளர்:

அம்மா சொன்ன முறையெல்லாம் சரி. ஆனால் அடிப்படையே எனக்கு உடன்பாடில்லை. நாற்பது வருட உழைப்பை வாடகை வீட்டில், அதுவும் வாடகை ஒப்பந்தமே இல்லாத வீட்டில் வைக்கச் சொல்கிறீர்கள். கூகுள் ரீடரை 2013-இல் மூடினார்கள். அவர்களுடைய சமூக வலைத்தளமான ஆர்குட் 2014-இல் போயிற்று. கூகுள் பிளஸ் 2019-இல் போயிற்று. இலவசமாகத் தளம் அமைக்க இடம் தந்த யாகூவின் ஜியோசிட்டீஸில் உலகமே வீடு கட்டியிருந்தது, ஜப்பானைத் தவிர மற்ற இடங்களில் 2009-இல் இடித்துவிட்டார்கள்.

பிளாக்ஸ்பாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2012-லிருந்து சில ஆண்டுகள் இந்தியாவில் எந்த வலைப்பூவைத் திறந்தாலும் முகவரி 'டாட் இன்' என்று முடியும். மக்கள் அந்த முகவரியைத்தான் நகலெடுத்துப் பகிர்ந்தார்கள். 2020-இல் அந்த 'டாட் இன்' பெயர் கூகுளின் கையை விட்டே போய்விட்டது. வலைப்பூக்கள் 'டாட் காம்' முகவரியில் பத்திரமாக இருந்தன, ஆனால் அத்தனை ஆண்டு பகிர்ந்த இணைப்புகள் செத்தன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே ஒரு பெயரைக் காப்பாற்றத் தெரியவில்லை.

ஐயா, உங்கள் மகன் சொல்வதைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாயில் சொந்தப் பெயர், அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரி, கிடைக்கும். அதன்மேல் ஒரு ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைக்கும் வாடகை இடம்) எடுத்து, தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவிக்கொண்டால் யாரும் உங்களை வெளியேற்ற முடியாது. வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசக் கணக்கை நான் சொல்லவில்லை. அதில் 1 ஜிபி இடம்தான், பக்கத்தில் அவர்கள் விளம்பரமும் வரும். பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

உசிலம்பட்டி விவசாயி:

நீங்கள் இருவரும் வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். வருகிற ஆளைப் பற்றி யாரும் பேசவில்லையே! எங்கள் ஊரில் வலைப்பூ படிக்கிற ஒருவரைக் காட்டுங்கள். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்ற செய்தி 2024 நவம்பரில் எனக்கு எப்படி வந்தது? வாட்ஸ்அப்பில் வந்தது. போராட்டத்துக்கு எந்த ஊர் எப்போது புறப்படுகிறது என்பதெல்லாம் அதில்தான். ஐயா முகநூலில் ஒரு பக்கம் தொடங்கி, நோட்டைப் படம் பிடித்துப் போட்டால் அன்று மாலைக்குள் கண்மாய்ப் பாசன நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துவிடுவார்கள். வலைப்பூவில் போட்டால் அவரும் அவர் மகனும் பார்ப்பார்கள்.

திருமங்கலம் தமிழாசிரியை:

தம்பி, உங்கள் வருத்தம் நியாயம். புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் உயிரோடு இருந்த நாட்களில் ஒரு பதிவுக்கு ஒரு மணி நேரத்தில் நாற்பது பின்னூட்டம் வரும். 2014-இல் மதுரையில் வலைப்பூ எழுதுபவர்களின் பதிவர் திருவிழா நடந்தபோது எத்தனை ஊர்களிலிருந்து வந்தார்கள்! அந்தக் கூட்டம் இன்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 2024 நவம்பரில் உங்களுக்கு வந்த அந்தச் செய்தியை இப்போது எடுத்துக் காட்ட முடியுமா? அரிட்டாபட்டியைக் காப்பாற்ற நின்றவர்கள் கையில் எது இருந்தது? 2022-இல் அரசு அந்த இடத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த ஆவணம் இருந்தது. மலையும் கண்மாய்களும் சுனைகளும் பதிவாகி, யார் கேட்டாலும் எடுத்து நீட்டக்கூடிய ஓர் இடத்தில் இருந்தன. 2025 ஜனவரியில் அந்தச் சுரங்க ஏலம் ரத்தானது. கூட்டத்தைச் சேர்க்க வாட்ஸ்அப் வேண்டும், மறுக்கவில்லை. ஐயாவிடம் இருப்பது இருபது வருடம் கழித்து ஒருவர் தேடி வரப்போகிற செய்தி. அதற்கு ஒரு நிலையான முகவரி வேண்டும். அந்த இணைப்பை எடுத்து உங்கள் குழுவில் தாராளமாகப் போடுங்கள்.

உசிலம்பட்டி விவசாயி:

தேடினேன் அக்கா. கிடைக்கவில்லை. இடையில் கைப்பேசி மாற்றிவிட்டேன். ஆனாலும் படிக்கிற ஆள் இல்லாத இடத்தில் எழுதுகிறவருக்கு மனம் எத்தனை நாள் நிற்கும்? அதையும் பாருங்கள்.

தெப்பக்குளத்து மகள்:

நான் இங்கே எழுதுவது குறைவு. நிரலாளர் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

என் அப்பா சித்த மருத்துவக் குறிப்புகள் எழுதுவார். 2008-இல் பிளாக்ஸ்பாட்டில் தொடங்கினார். பிறகு யாரோ இதே யோசனையைச் சொல்ல, சொந்தப் பெயர் வாங்கி, ஹோஸ்டிங் எடுத்து, புதிதாக எழுதியதையெல்லாம் அங்கே எழுதினார். கடைசி ஆறு ஆண்டு எழுத்து முழுவதும் அங்கேதான் இருந்தது. அப்பா மாரடைப்பில் போனார். முப்பது நாள் காரியம் முடிகிற வரை யாருக்கும் கணினி ஞாபகமே இல்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த அஞ்சல்கள் அவர் பெட்டியில் கிடந்தன, கடவுச்சொல் எங்களுக்குத் தெரியாது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு இறப்புச் சான்றிதழோடு எழுதினோம். பதில் வருவதற்குள் கெடு முடிந்து கோப்புகளை அழித்துவிட்டார்கள். அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கி இன்று ஏதோ சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. அப்பா பெயரில் ஓடுகிறது, அண்ணா.

2008-இல் தொடங்கிய இலவசப் பூ இன்னும் அப்படியே நிற்கிறது. தூதுவளைத் துவையல் பற்றி அவர் எழுதிய பதிவுக்குப் போன மாதம்கூட ஒருவர் நன்றி சொல்லியிருக்கிறார். காசு கட்டிய வீடு போய்விட்டது. காசு கட்டாத வீட்டில்தான் அப்பா இருக்கிறார்.

கே.கே. நகர் நிரலாளர்:

தங்கச்சி, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. புதுப்பிப்பு நின்றால் எல்லாம் போகும் என்பதை நான் சொல்லாமல் விட்டது தவறு.

ஆனால் உங்கள் அப்பாவின் பூ நிற்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டு யாரும் நுழையாத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் கொண்டுவந்திருக்கிறது. இன்று இரவே அந்தப் பூவின் ஒவ்வொரு பக்கத்தையும் இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமியுங்கள். முகவரியை ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும், கடவுச்சொல் தேவையில்லை. எத்தனை பதிவு இருந்தாலும் நானும் உட்கார்ந்து செய்கிறேன்.

தெப்பக்குளத்து மகள்:

இருநூற்றுப் பதினொன்று, அண்ணா. இணைப்பைத் தனி மடலில் அனுப்புகிறேன்.

திருமங்கலம் தமிழாசிரியை:

மேலூர் ஐயா, இதையெல்லாம் படித்துப் பயந்துவிடாதீர்கள். சாவி ஒருவர் கையில் மட்டும் இருப்பதுதான் ஆபத்து. பிளாகரில் ஒரு வலைப்பூவுக்கு நூறு பேர் வரை உறுப்பினராகலாம், அவர்களில் ஒருவரை உங்களுக்குச் சமமான நிர்வாகியாகவும் ஆக்கலாம். அமைப்புகளில் 'அனுமதிகள்' என்ற பகுதியில் பேத்தியின் மின்னஞ்சலைச் சேர்த்து, அவர் ஏற்றுக்கொண்டதும் நிர்வாகி என்று மாற்றிவிடுங்கள். உங்கள் கூகுள் கணக்கிலும் ஒரு வசதி இருக்கிறது. இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்குத் தகவல் சொல், இவற்றைக் கொடு என்று எழுதி வைக்கலாம். உயில் போல.

அதே அமைப்புகளில் உள்ளடக்கத்தைக் காப்புப்படியாக இறக்கவும் வழி உண்டு. அந்தக் கோப்பில் எழுத்து வரும், படம் வராது. நோட்டின் படங்களைத் தனியே ஒரு பென் டிரைவில் வையுங்கள். படங்கள் உங்கள் கூகுள் கணக்கின் 15 ஜிபியில் சேருமாகையால், பக்கத்துக்கு ஒரு படம் என்று அளவாக ஏற்றுங்கள்.

கே.கே. நகர் நிரலாளர்:

ஹோஸ்டிங் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். சொந்தப் பெயர் வேண்டும் என்பதை விடமாட்டேன். பிளாகரில் சொந்தப் பெயரை இணைக்கலாம், அதற்கு அவர்கள் காசு கேட்பதில்லை, பழைய முகவரிக்கு வருபவர்களும் தானாகப் புதியதற்குப் போவார்கள். நாளை பிளாகர் மூடினாலும் அதே பெயரை வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லலாம்.

தெப்பக்குளத்து மகள்:

பெயருக்கு யார் ஆண்டுதோறும் கட்டுவார்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு வாங்குங்கள், ஐயா. முடிவாகவில்லை என்றால் வாங்க வேண்டாம். நான் இதில் மாறமாட்டேன்.

மேலூர் ஓய்வாசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. மகளே, உன் அப்பாவைப் படித்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் காலையிலேயே பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிளாகரில் தொடங்கிவிட்டேன். அவளும் நிர்வாகி. சொந்தப் பெயர் இப்போதைக்கு இல்லை.

எனக்குத் தட்டச்சு வராது. கைப்பேசியின் ஒலிவாங்கியைத் தொட்டு நோட்டைப் பார்த்து வாசித்தேன், அதுவே தமிழில் எழுதியது. கலுங்கு (மிகுநீர் வெளியேறும் இடம்) என்றால் கலங்கு என்கிறது, குமிழித்தூம்பு (கண்மாய்க்குள் இருக்கும் மதகு) என்றால் ஏதேதோ எழுதுகிறது. திருத்தித் திருத்தி மூன்று மணி நேரத்தில் எங்கள் ஊர்க் கண்மாயின் ஐந்து மடைகளை ஏற்றினேன். உசிலம்பட்டித் தம்பி சொன்னபடி இணைப்பை ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேத்தி போட்டாள்.

மாலையில் வாசலில் சைக்கிள் மணி. பழைய நீர்க்கட்டியின் மகன், அவருக்கே எழுபது இருக்கும். பேரனின் கைப்பேசியில் என் பதிவைத் திறந்து பிடித்துக்கொண்டு வந்திருந்தார். "வாத்தியார், மூணாவது மடையைப் புலிமடைன்னு போட்டிருக்கீங்க. நம்ம கரையில எந்தக் காலத்துல புலி வந்துச்சு? அது புளிமடை. மடைக்கு மேல பெரிய புளியமரம் நின்னுச்சு, எங்க அப்பா அதுலதான் மம்பட்டியைச் சாத்தி வைப்பாரு" என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். 1991-இல் புளிமடை என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். கைப்பேசி புலி என்று எழுதியதை நான் கவனிக்கவில்லை. மரத்தைப் பற்றி நோட்டில் ஒரு வரி இல்லை. அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே பிழையைத் திருத்தி மரத்தையும் சேர்த்துவிட்டேன்.

உசிலம்பட்டி விவசாயி:

ஐயா, அந்த இணைப்பை இங்கேயும் போடுங்கள். எங்கள் பக்கத்துக் குழுக்களுக்கும் அனுப்புகிறேன். எங்கள் கண்மாய்க்கும் மடைப் பெயர் தெரிந்த ஒரு தாத்தா இருக்கிறார். அவரிடம் கேட்டு எழுதினால் உங்கள் பூவில் இடம் தருவீர்களா?

கே.கே. நகர் நிரலாளர்:

திருத்திய தேதியையும், மரத்தைப் பற்றிச் சொன்னது யார் என்பதையும் பதிவின் அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள், ஐயா. பெயர் போட அவர் சம்மதிக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலூர் ஓய்வாசிரியர்:

கேட்டேன். தன் பெயர் வேண்டாம், அப்பா பெயரைப் போடுங்கள் என்றார். போட்டுவிட்டேன். உசிலம்பட்டித் தம்பி, உங்கள் மின்னஞ்சலைத் தனி மடலில் அனுப்புங்கள். பேத்தி உங்களையும் எழுதுபவராகச் சேர்த்துவிடுவாள்.