15 வயது ஆல்ட்டோவுக்கு எஃப்சி: புகைச் சோதனையில் தோல்வி, பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது

உப்பளக்காற்று (தூத்துக்குடி) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா வாங்கிய 800 சிசி ஆல்ட்டோ, பெட்ரோல், 2011 பிப்ரவரிப் பதிவு. வரும் பிப்ரவரியோடு ஆர்சி (பதிவுச் சான்று) முடிகிறது, புதுப்பிக்க எஃப்சி (வண்டியின் தகுதிச் சோதனை) தேற வேண்டும். அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகவும் வரவும் இந்த வண்டிதான். அதனால் பேப்பர் சரியாக இருந்தால் மட்டும் எனக்குப் போதாது, வண்டியும் நம்பகமாக இருக்க வேண்டும்.

முதலில் புகைச் சான்றிதழ் எடுக்கப் போனேன். கார்பன் மோனாக்சைடு 1.4 சதவீதம், ஹைட்ரோகார்பன் 410 பிபிஎம் என்று வந்து தோல்வி. ஏர் ஃபில்டர் புதிதாக மாற்றியும் அதே கதைதான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரிப் பிடித்திருக்கிறது. மைலேஜும் முன்னைவிட நன்றாகக் குறைந்துவிட்டது.

இரண்டாவது, அழுத்திப் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது. சும்மா ஓட்டும்போது நேராகத்தான் போகிறது. பட்டறையில் இடப்பக்கக் காலிப்பரை (பிரேக் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள்.

ஒரு புரோக்கர், வண்டியே வர வேண்டாம், பேப்பரையும் பணத்தையும் கொடுத்தால் போதும் என்கிறார். எனக்கு அதில் இஷ்டமில்லை. பக்கத்து வீட்டு மாமா, 15 வருடம் ஆனால் ஸ்கிராப்புக்குத்தான் போட வேண்டும் என்கிறார். உண்மையா? எஃப்சியில் பாஸ் ஆகிவிட்டால் அடுத்த 5 வருடத்துக்கு வண்டியை நம்பலாமா?

ஆர்டிஓ வாசல் (மதுரை):

மாமா சொல்வது டெல்லிக் கதை. 10 வருட டீசல், 15 வருடப் பெட்ரோல் என்ற தடை அந்தப் பகுதிக்கு வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரின் பதிவை ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், வண்டி சோதனையில் தேற வேண்டும், அவ்வளவுதான்.

படிவம் 25, ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். அதோடு பசுமை வரி கட்ட வேண்டும். ஆர்சி முடிய 60 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். கட்டணம் முன்பு 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. தாமதமானால் மாதத்துக்கு 500 கூடும். ஆர்சியில் பழைய லோன் அடமானம் இன்னும் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இருந்தால் வங்கியிடம் தடையில்லாச் சான்று வாங்கி நீக்குவதற்கே நாள் பிடிக்கும்.

புரோக்கர் வேண்டாம் என்ற உங்கள் முடிவு ரொம்பச் சரி. வண்டியை நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) ஏதாவது குறை சொன்னால் அது உங்களுக்கு லாபம்தான்.

ஸ்பேனர் அண்ணாச்சி (நாகர்கோவில்):

தம்பி, புகைச்சீட்டில் உள்ள எண்ணே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. உங்கள் வண்டி பிஎஸ் 3 (புகை வரம்புக்கான பாரத் ஸ்டேஜ் தரம்). அதற்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் வரை அனுமதி. அதாவது ஹைட்ரோகார்பனில் நீங்கள் பாஸ், மோனாக்சைடில்தான் ஃபெயில். பிளக் சரியாக எரியாமல் மிஸ் அடித்தால் ஹைட்ரோகார்பன்தான் முதலில் எகிறும். இங்கே எரிகிறது, ஆனால் பெட்ரோல் அதிகமாகப் போய் எரிகிறது. கரிப் பிளக்கும் மைலேஜ் குறைவும் அதையேதான் சொல்கின்றன. (சோதனை மையத்தில் உங்கள் வண்டியை பிஎஸ் 4 என்று தட்டிவிட்டால் வரம்பு 0.3, 200 ஆகிவிடும். சீட்டில் அதையும் பாருங்கள்.)

ஒன்று கேட்கிறேன். ஹைவேயில் அரை மணி ஓட்டிய பிறகு டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது?

உப்பளக்காற்று:

அண்ணாச்சி, கால்வாசிக்கு மேல் ஏறுவதே இல்லை. இன்ஜின் சூடாகாமல் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஸ்பேனர் அண்ணாச்சி:

அதுதான் நோய். எப்போதோ வண்டி ஓவர் ஹீட் ஆகியிருக்கும், யாரோ தெர்மோஸ்டாட் வால்வை (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) கழற்றித் தூக்கிப் போட்டிருப்பார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் ரொம்ப நாளாக இருக்கும் பழக்கம் இது, எனக்கு இதில் கோபமே வரும். கார்புரேட்டர் காலத்தில் இதை வைத்து ஓட்டிவிடலாம். பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியில் ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், கூலன்ட் சென்சாரைப் பார்த்துத்தான் பெட்ரோலை அளக்கிறது. தண்ணீர் சூடே ஆகவில்லை என்றால், காலையில் ஸ்டார்ட் செய்த இன்ஜின் மாதிரியே நினைத்துக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கரி கொஞ்சம் கொஞ்சமாக புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் அடைத்துவிடும்.

ஆகவே புதுத் தெர்மோஸ்டாட் போட்டு, கூலன்ட் மாற்றி, ரேடியேட்டர் ஃபேன் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் எண் இறங்காவிட்டால் அடுத்த சந்தேகம், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து ஈசியூவுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார். அதையும் மாற்றுவதற்கு முன் சைலன்சர் மேனிஃபோல்டு இணைப்பில் கசிவு இருக்கிறதா பாருங்கள். அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போனால், பெட்ரோல் குறைவு என்று சென்சார் தப்பாகச் சொல்லும். ஈசியூ மேலும் ஊற்றும். சோதனைக்குப் போகும்போது குறைந்தது 20 நிமிடம் ஓட்டி, இன்ஜின் சூட்டோடு போங்கள்.

பிரேக்: இடப்பக்கக் காலிப்பரை மாற்றாதீர்கள், பொறுங்கள். பிடிக்கும்போது மட்டும் இடப்பக்கம் இழுத்தால், இடது சக்கரம் ஒழுங்காகப் பிடிக்கிறது, வலது பிடிக்கவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டயர்களில் காற்றைச் சமமாக அடித்துவிட்டு, நாலைந்து முறை நன்றாகப் பிரேக் பிடித்து நிறுத்துங்கள். இரண்டு முன் சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம். வலது பக்கம் சூடு குறைவாக இருந்தால் அந்தக் காலிப்பரின் சிலைடு பின்களோ பிஸ்டனோ துருவில் இறுகியிருக்கும். கடலோர வண்டியில் இது சகஜம். சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் போட்டாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

உப்பளக்காற்று:

அண்ணாச்சி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஹவுசிங்கைத் திறந்து பார்த்தால் உள்ளே வால்வே இல்லை! புதிது போட்டாயிற்று. மோனாக்சைடு இப்போது 0.28, சான்றிதழ் கையில். வலது காலிப்பரில் கீழ்ப் பின் அசையவே இல்லை, சரிசெய்த பிறகு வண்டி நேராக நிற்கிறது.

ஆனால் லிஃப்டில் ஏற்றியபோது இன்னொன்று தெரிந்தது. டிரைவர் பக்க ரன்னிங் போர்டும் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பாடித் தகரம்) அதை ஒட்டிய தரையும் துரு. டிங்கர் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துத் தருகிறேன், எஃப்சியில் யாருக்கும் தெரியாது என்கிறார்.

ஆர்டிஓ வாசல்:

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. பிரிட்டனில் 3 வயது தாண்டிய காரை வருடாவருடம் சோதிக்கிறார்கள். நம் நாட்டில் சொந்தக் காருக்கு முதல் 15 வருடம் இப்படி ஒரு சோதனையே கிடையாது, அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை. அன்றைக்கு விளக்கு எரிந்தது, பிரேக் பிடித்தது என்பதற்குத்தான் எஃப்சி சாட்சி. பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கியிருப்பதும், பின் டிரம்முக்குள் வீல் சிலிண்டர் ஒழுகுவதும், பட்டிக்கு அடியில் தகரமே இல்லாததும் அந்தப் பார்வையில் சிக்காமல் போகலாம். அதனால் 5 வருடம் நம்பலாம் என்று நான் சொல்ல மாட்டேன். வருடத்துக்கு ஒரு நாள் லிஃப்டில் ஏற்றி, டிரம்மைத் திறந்து, நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். பிரேக் ஆயில் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2318 என்றால் 2018ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. குறைவாக ஓடும் வண்டியில் பட்டன் (டயரின் மேல் வரிகள்) தேயாமலே ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும்.

டிங்கரிங் மகன் (நாகப்பட்டினம்):

பட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள், பொத்தென்று உள்ளே போகும் இடம் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ரன்னிங் போர்டு அழகுக்கு வைத்தது இல்லை, பக்கவாட்டில் மோதினால் அம்மா உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாங்குவது அதுதான். லோயர் ஆர்ம் (முன் சக்கரத்தை பாடியோடு இணைக்கும் கை) பிடிக்கும் இடம்வரை துரு போயிருந்தால் மட்டும் வண்டியைக் கைவிடுவதைப் பற்றி யோசியுங்கள். தரையோடு நின்றிருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஈசியூ போய்விடும் ஆபத்து உண்டு. கார்பெட்டை முழுதாக எடுக்க வேண்டும். பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் தரைக்கு அடியில் ஓடுகின்றன, அவற்றை விலக்கிவைக்காமல் நெருப்பு வைக்க விடாதீர்கள். வேலை முடிந்ததும் அண்டர்கோட்டிங் பூசுவதற்கு முன்பே ஒருமுறை போய் வெல்டிங் தையலைப் பார்த்துவிடுங்கள்.